தொடக்கநிலை ஆங்கில வகுப்பில் ‘எது எங்கே இருக்கிறது’ என்று சொல்லப் பழக்குவது எப்படி?

மாலைவகுப்பு (மார்த்தாண்டம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்துக்கு அருகிலுள்ள ஒரு படிப்பகத்தில் மாலை நேரத்தில் பெரியவர்களுக்குத் தொடக்கநிலை ஆங்கிலம் சொல்லித்தந்து வருகிறேன். துணிக்கடைகளில் வேலை செய்யும் பெண்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், வளைகுடாவுக்குப் போக விசாவை எதிர்பார்த்திருக்கும் இளைஞர்கள், பேரப்பிள்ளைகளின் பாடம் தமக்கும் புரிய வேண்டும் என்று வருகிற பாட்டிமார் எனப் பலதரப்பட்டவர்கள் வருகிறார்கள். தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வது, மணி சொல்வது, விலை கேட்பது வரை தடையின்றி வந்துவிட்டோம். இடத்தைச் சொல்லும் பாடத்தில்தான் வகுப்பு நின்றுபோயிருக்கிறது.

பாடநூலில் ஒரு பெட்டியும் ஒரு பந்தும் இருக்கின்றன. பந்து பெட்டிக்குள், பெட்டியின் மேல், பெட்டிக்கு அடியில், பெட்டிக்குப் பின்னால் என்று படத்துக்குப் படம் இடம் மாறுகிறது. ‘இன், ஆன், அண்டர், பிஹைண்ட்’ என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லி முடித்துவிடுகிறது. ஆனால் அடுத்த நிமிடமே ‘உங்கள் வீடு எங்கே இருக்கிறது?’ என்று ஆங்கிலத்தில் கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. திறந்தால் ‘மை ஹவுஸ் பேக் சைட் ஒன் ரப்பர் ட்ரீ இஸ் தேர்’ என்கிறார்கள். சாலையிலிருந்து படியிறங்கிப் போகவேண்டிய பள்ளத்தில் வீடு கட்டியிருக்கும் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் ‘மை ஹவுஸ் இஸ் அண்டர் த ரோடு’ என்றார். விளவங்கோட்டு மேடுபள்ளம் தெரிந்தவர்களுக்கு அது புரிந்துவிடும். வெளியூர்க்காரர் கேட்டால் அவர் சுரங்கத்தில் குடியிருப்பதாக அல்லவா நினைப்பார்?

இந்தச் சொற்களை எந்த வரிசையில் கொடுப்பது, ‘இன், ஆன், அட்’ மூன்றுக்கும் விதி சொல்லலாமா, இந்தப் பாடத்தில் தமிழை எவ்வளவு தூரம் பயன்படுத்தலாம் ஆகியவற்றில் அனுபவமுள்ளவர்கள் கருத்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.


நாஞ்சில்_ஓய்வு (நாகர்கோவில்) எழுதியது:

ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். வளர்ந்தவர்களுக்குக் காரணம் சொல்லாமல் எதையும் கற்பிக்கக் கூடாது. ஒரு புள்ளியாக எண்ணப்படும் இடத்துக்கு ‘அட்’, தொட்டுக்கொண்டிருக்கும் பரப்புக்கு ‘ஆன்’, எல்லைக்குள் அடங்கியிருப்பதற்கு ‘இன்’. பெரிய ஊருக்கும் நாட்டுக்கும் ‘இன்’, சிறிய ஊருக்கு ‘அட்’ என்று பலகையில் எழுதிப்போட்டு, கோடிட்ட இடங்களை நிரப்பும் பயிற்சியைத் தாராளமாகக் கொடுங்கள். எங்கள் தலைமுறை அப்படித்தான் படித்தது. இன்றுவரை பிரிபொசிஷன் தவறாமல் எழுதுகிறோம்.


கல்குளம்_ஆசிரியை எழுதியது:

சார் சொல்வதில் முதல் பாதியை ஏற்கிறேன். ஊரின் அளவைப் பற்றிய விதியை ஏற்க இயலவில்லை. ‘த ட்ரெய்ன் ஸ்டாப்ஸ் அட் இரணியல்’ என்கிறோம், ‘மை ஆண்ட் லிவ்ஸ் இன் இரணியல்’ என்றும் சொல்கிறோம். ஊர் அதேதான், அளவும் மாறவில்லை. ரயில் பாதையில் வரும் ஒரு நிறுத்தமாக அதைப் பார்க்கும்போது ‘அட்’ வருகிறது. சித்தி குடியிருக்கும் நிலப்பரப்பாகப் பார்க்கும்போது ‘இன்’ வருகிறது. சிறிய ஊர், பெரிய ஊர் என்ற விதியைப் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் ‘ஐ லிவ் அட் தக்கலை’ என்று எழுதுவதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

கேள்வி கேட்டவருக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன பெட்டியும் பந்தும் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருக்கின்றன. பந்து எங்கே இருக்கிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். அப்படியிருக்க, அதைச் சொல்ல வேண்டிய தேவை எங்கிருந்து வரும்? ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருந்தால்தான் ‘எங்கே’ என்ற கேள்விக்கு உயிர் வருகிறது. ஆகவே சொற்களின் வரிசையைவிட, மறைப்பு ஒன்றை ஏற்பாடு செய்வதுதான் முதல் வேலை.

என் வகுப்பில் செய்வதைச் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே உட்காரவைத்து, நடுவில் புத்தகப்பையை நிமிர்த்தி வைத்துவிடுவேன். இருவர் முன்னாலும் ஒரே மாதிரியான பொருள்கள் இருக்கும்: ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு தீப்பெட்டி, சில புளியங்கொட்டைகள், ஒரு அழிரப்பர். முதல் பிள்ளை தன் பக்கத்தில் பொருள்களை விருப்பம்போல் அடுக்கிவிட்டு, ‘புட் ஒன் சீட் அண்டர் த டம்ளர். புட் த மேட்ச்பாக்ஸ் நெக்ஸ்ட் டு த டம்ளர். புட் த ரப்பர் ஆன் த மேட்ச்பாக்ஸ்’ என்று சொல்ல வேண்டும். அடுத்த பிள்ளை கேட்டபடி வைக்க வேண்டும். முடிந்ததும் பையை எடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்பது தானாகத் தெரிந்துவிடும். நான் திருத்தவே வேண்டாம். டம்ளருக்கு அடியில் இருக்கவேண்டிய கொட்டை டம்ளருக்குள் கிடந்தால், சொன்னவள் ‘இன்’ என்றாளா, கேட்டவள் ‘அண்டர்’ என்பதைத் தவறவிட்டாளா என்று இருவருமே வழக்காடித் தீர்த்துக்கொள்வார்கள். அந்த வழக்கில் நடக்கும் கற்றல் ஒரு பக்கம் கோடிட்ட இடங்களை நிரப்பினாலும் நடக்காது.

இதற்கு முந்தைய படி ஒன்று உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960-களில் முன்வைத்த முறைப்படி, கற்பவரைப் பேசச் சொல்லாமல், கேட்டதைச் செய்ய மட்டும் சொல்ல வேண்டும். ‘ஸ்டேண்ட் பிஹைண்ட் த டோர், சிட் பிட்வீன் த டூ கேர்ல்ஸ்’ என்று நான் சொல்ல, அவர்கள் போய் நிற்பார்கள், உட்காருவார்கள். சொல் காதில் ஊறியபிறகே வாய்க்கு வர வேண்டும். தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் தொடங்கியதிலிருந்து சின்ன வகுப்புகளில் இத்தகைய செயல்பாடுகள் பழகிப்போய்விட்டன. பெரியவர்கள் முதலில் கூச்சப்படுவார்கள், ஆனால் ஒருவர் எழுந்து கதவுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டால் மற்றவர்களும் எழுந்துவிடுவார்கள்.

வரிசை என்று கேட்டால், ‘இன், ஆன், அண்டர், நெக்ஸ்ட் டு’ ஆகிய நான்கை மட்டும் முதலில் எடுங்கள். அடுத்து ‘பிஹைண்ட், இன் ஃப்ரண்ட் ஆஃப், பிட்வீன்’. ‘அபவ், பிலோ, ஓவர்’ எல்லாம் பின்னால் வரட்டும். உங்கள் ஆட்டோ ஓட்டுநருக்கு மட்டும் ‘பிலோ’ இப்போதே தேவைப்படுகிறது. அவருக்குத் தனியே கொடுத்துவிடுங்கள். ‘மை ஹவுஸ் இஸ் பிலோ த ரோடு.’


மொழியியல்_மாணவர் எழுதியது:

தமிழைப் பயன்படுத்துவது பற்றிய கேள்விக்கு மட்டும் என் பங்கு. தமிழில் ‘இல்’ என்ற ஒரே உருபு பேருந்தில், சுவரில், நிலையத்தில் என எல்லா இடத்துக்கும் போதுமானதாக இருப்பதால், ஆங்கிலத்தில் மூன்றாகப் பிரிந்துவிடும் இடத்தில் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள் என்பது பலரும் சொல்வது. அது உண்மையே. ஆனால் தமிழ் இடையூறு மட்டும் செய்வதாக எண்ணிவிட வேண்டாம். சில இடங்களில் ஆங்கிலத்தின் பாகுபாட்டைத் தமிழ் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது.

‘மேசை மேல் விளக்கு’ என்றால் விளக்கு மேசையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ‘மேசைக்கு மேல் விளக்கு’ என்றால் தொடாமல் உயரத்தில் தொங்குகிறது. நான்காம் வேற்றுமை உருபு வந்தால் இடைவெளி வந்துவிடுகிறது. ‘ஆன்’, ‘அபவ்’ இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இந்த வேறுபாட்டைப் பிசகாமல் பேசுகிறார். வகுப்பில் இந்த இரண்டு தமிழ் வாக்கியங்களையும் சொல்லி, கையால் காட்டச் சொன்னால் போதும்; ‘அபவ்’ பற்றி நீண்ட விளக்கம் எதுவும் தேவையில்லை.

இரண்டாவது, ‘தேர் இஸ்’. ‘மேசை மேல் ஒரு புத்தகம் இருக்கிறது’ என்று இடத்தை முன்னால் வைத்தால், கேட்பவருக்குப் புதிதாக ஒரு பொருளை அறிவிக்கிறோம். ‘புத்தகம் மேசை மேல் இருக்கிறது’ என்று பொருளை முன்னால் வைத்தால், இருவருக்கும் தெரிந்த புத்தகம் எங்கே என்று சொல்கிறோம். முன்னதற்கு ‘தேர் இஸ் எ புக் ஆன் த டேபிள்’, பின்னதற்கு ‘த புக் இஸ் ஆன் த டேபிள்’. சொல்வரிசையை மாற்றித் தமிழ் செய்யும் வேலையை ஆங்கிலம் ‘தேர்’ என்ற சொல்லையும் ‘எ’, ‘த’ என்ற ஆர்டிகிள்களையும் கொண்டு செய்கிறது. ‘ஒன் ரப்பர் ட்ரீ இஸ் தேர்’ என்பவர், இறுதியில் வரும் தமிழ் வினையின் இடத்தை ஆங்கிலத்திலும் காத்துவைக்கிறார். அவருடைய வாக்கியத்தின் தொடக்கத்தில் ‘தேர் இஸ்’ என்ற இரண்டு சொல்லையும் ஒட்டவைத்தால் பாதிப் பிழை தீர்ந்துவிடும்.

மூன்றாவதாகச் சொல்லப்போவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நெதர்லாந்தின் நைமேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 1990-களில் பல மொழிகளில் இடத்தைக் குறிக்கும் முறைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். அவர்களுள் தமிழை எடுத்துக்கொண்ட எரிக் பெடர்சன், ஊர்ப்புறத் தமிழர் கைக்கெட்டும் பொருளுக்கும் வடக்கு, தெற்கு என்று திசையைச் சொல்வதையும், நகர்ப்புறத் தமிழர் இடது, வலது என்று சொல்ல முனைவதையும் எடுத்துக்காட்டினார். நம் மாவட்டத்தில் இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. ‘கொஞ்சம் கிழக்கே தள்ளி உட்காரு’ என்று திண்ணையில் இன்றும் கேட்கலாம். இத்தகையவர்களுக்கு ‘லெஃப்ட், ரைட்’ என்பது புதிய சொல் மட்டுமன்று, புதிய பழக்கம். மேசை மேலிருக்கும் டம்ளரை ‘ஈஸ்ட் ஆஃப் த பிளேட்’ என்று ஆங்கிலத்தில் யாரும் சொல்வதில்லை. ஆகவே அந்தப் பாட்டிமாருக்கு இடது வலதுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். இன்னொன்று: மேலத்தெருவை ‘அப் ஸ்ட்ரீட்’ என்று யாராவது மொழிபெயர்த்தால் சிரிக்காமல் ‘வெஸ்ட் ஸ்ட்ரீட்’ என்று சொல்லிக்கொடுங்கள்.


நாஞ்சில்_ஓய்வு எழுதியது:

தம்பி எழுதிய ‘மேசை மேல்’, ‘மேசைக்கு மேல்’ விளக்கம் எனக்குப் பிடித்தது. ஆனால் வேற்றுமை உருபைப் பற்றியெல்லாம் பாட்டிமாரிடம் பேசத் தொடங்கினால் அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.


மொழியியல்_மாணவர் எழுதியது:

உருபின் பெயரைச் சொல்லவே வேண்டாம், ஐயா. வாக்கியத்தைச் சொல்லிக் கையால் காட்டச் சொன்னால் போதும் என்பதே என் கருத்தும்.


கடற்கரை_விடுதி (கன்னியாகுமரி) எழுதியது:

நான் ஆசிரியன் அல்லன்; கன்னியாகுமரியில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பில் இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு விருந்தினர் கேட்கும் கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லப் பழக்குவதும் என் வேலையாகிவிட்டது. வடநாட்டவரும் வெளிநாட்டவரும் கேட்பதில் பெரும்பகுதி ‘எங்கே’ என்று தொடங்கும் கேள்விகள்தாம்: படகுத்துறை எங்கே, டிக்கெட் எங்கே, ஏ.டி.எம். எங்கே, சூரியன் உதிப்பதை எங்கே நின்று பார்ப்பது.

எங்களுக்கு வாய்த்த படம் பாடநூலில் இல்லாத படம். மாடியில் நின்று கடலைப் பார்த்தால் இடப்புறம் விவேகானந்தர் பாறை, வலப்புறம் திருவள்ளுவர் சிலை, இரண்டுக்கும் நடுவில் 2024 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம். இந்த ஒரே காட்சியில் ‘த பிரிட்ஜ் இஸ் பிட்வீன் த டூ ராக்ஸ்’ என்று சொல்லலாம். ‘த பிரிட்ஜ் இஸ் ஓவர் த சீ’ என்று சொல்லலாம். ‘பீப்பிள் ஆர் வாக்கிங் ஆன் த பிரிட்ஜ்’ என்றும் சொல்லலாம். கண்ணாடியின் வழியே கீழே பார்க்கும்போது ‘த சீ இஸ் பிலோ அஸ்’. ஒரே பாலத்துக்கு எத்தனை சொல் பொருந்துகிறது என்று பையன்களைக் கேட்டால், விதி சொல்லாமலே அவர்கள் ‘ஆன்’, ‘ஓவர்’ இரண்டையும் பிரித்துவிடுகிறார்கள்.

இடது வலது விஷயத்தில்தான் சிக்கல். கரையிலிருந்து பார்த்தால் சிலை பாறைக்கு வலப்பக்கம். படகில் போய்ப் பாறையில் இறங்கி, கரையை நோக்கித் திரும்பி நின்றால் அதே சிலை இடப்பக்கம். சிலை நகரவில்லை, பார்ப்பவர் திரும்பிவிட்டார். இதை ஒரு பையனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாமல், மேசையில் மிளகுப்புட்டியையும் உப்புப்புட்டியையும் வைத்து, மேசையைச் சுற்றி நடக்கவைத்தேன். அதன்பின் ‘லெஃப்ட், ரைட்’ சொல்லும்போதெல்லாம் ‘ஆன் யுவர் லெஃப்ட், ஆன் யுவர் ரைட்’ என்று ‘யுவர்’ சேர்த்தே சொல்ல வேண்டும் என்று வைத்துவிட்டேன். கேட்கிறவரின் இடது எது என்று யோசிக்காமல் யாரும் ‘யுவர் லெஃப்ட்’ என்று சொல்ல முடியாது.

‘பேக் சைட்’ பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் எல்லோருக்கும் புரிகிறது. கடைப் பலகைகளில்கூட இருக்கிறது. ஆனால் வெளிநாட்டவர் காதில் அது உடம்பின் பின்புறத்தைக் குறிக்கும் சொல்லாக விழுகிறது. ‘பார்க்கிங் இஸ் இன் மை பேக்சைட்’ என்று எங்கள் பையன் ஒருவன் ஓர் ஐரோப்பியத் தம்பதியிடம் சொன்னதும், அவர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘பிஹைண்ட் த ஹோட்டல்’ என்று ஒரே தொடராக மனப்பாடம் செய்யவைப்பதுதான் வழி.


மாலைவகுப்பு எழுதியது:

மறைப்பு வைத்துச் செய்யும் பயிற்சியை வகுப்பில் நடத்தினேன். பாட்டிமார்தாம் எல்லோரையும்விட ஆர்வமாக வழக்காடினார்கள். டம்ளரும் புளியங்கொட்டையும் முடிந்து, மார்த்தாண்டம் சந்தைப் பகுதிக்கே போய்விட்டோம்: மேம்பாலத்துக்கு அடியில் என்னென்ன இருக்கின்றன, பேருந்து நிலையத்துக்கு அடுத்து எந்தக் கடை, எந்தக் கடைக்கு எதிரில் மருந்துக்கடை என்று. ‘அண்டர் த ஃப்ளைஓவர்’ உடனே வந்துவிட்டது. ஆனால் இரண்டு புதிய சிக்கல்கள் கிளம்பின. ‘எதிரில்’ என்பதற்குச் சிலர் ‘இன் ஃப்ரண்ட் ஆஃப்’ என்கிறார்கள், சிலர் ‘ஆப்போசிட்’ என்கிறார்கள். அடுத்து, ‘இன் த பஸ்’ என்பதா, ‘ஆன் த பஸ்’ என்பதா என்று விசாவுக்காகக் காத்திருக்கும் ஒருவர் பிடிவாதமாகக் கேட்கிறார். நாஞ்சில் ஐயாவின் உதவி தேவை.


நாஞ்சில்_ஓய்வு எழுதியது:

இரண்டுக்கும் சொல்கிறேன். இதில் விதி உதவும் என்பதையும் கவனியுங்கள்.

சாலையின் இருபுறமும் இரண்டு கட்டடங்கள் முகத்தோடு முகம் பார்த்து நின்றால் ‘ஆப்போசிட்’. மருந்துக்கடையின் வாசலிலேயே, அதே பக்கத்தில், ஒரு பைக் நின்றால் அது ‘இன் ஃப்ரண்ட் ஆஃப் த மெடிக்கல் ஷாப்’. நடுவில் சாலை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் பிழை வராது. ‘ஆப்போசிட்’டுக்குப் பின் ‘டு’ சேர்க்காமல் ‘ஆப்போசிட் த பேங்க்’ என்று பழக்குவது நல்லது. இதற்கு நம் ஊர்க் கடைகளின் விசிட்டிங் கார்டுகளும் திருமண அழைப்பிதழ்களும் நல்ல பாடநூல்கள். முகவரியில் ‘நியர்’, ‘ஆப்.’, ‘பிஹைண்ட்’ என்று வராத கார்டு அரிது. ‘ஆப்.’ என்ற சுருக்கத்தை விரித்துப் படிக்கவைத்து, பிறகு அந்தக் கார்டைக் கொண்டு முழு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். காசு செலவில்லாத பயிற்சி.

வண்டிகளுக்கு வருகிறேன். எழுந்து நின்று நடக்க இடமுள்ள வண்டிக்கு ‘ஆன்’: பஸ், ரயில், கப்பல், விமானம். உட்கார மட்டும் இடமுள்ள வண்டிக்கு ‘இன்’: கார், ஆட்டோ, டாக்சி. கால் போட்டு ஏறும் வண்டிக்கு மறுபடியும் ‘ஆன்’: சைக்கிள், பைக். ‘இன் த பஸ்’ என்பதும் முழுப்பிழை அன்று. பேருந்தின் உள்ளே என்று அழுத்திச் சொல்லும்போது வரும். ஆனால் பயணம் செய்வதைச் சொல்லும்போது ‘ஆன் த பஸ்’ என்று வைத்துக்கொள்ளட்டும்.

நம் கடற்கரைக்கு இந்த விதி அழகாகப் பொருந்துகிறது. விவேகானந்தர் பாறைக்குப் போகும் பூம்புகார்க் கப்பல் கழகத்தின் படகில் நாம் ‘ஆன் த ஃபெர்ரி’. மீனவர் வள்ளத்தில் போனால் ‘இன் த போட்’. ஏனெனில் அதன் பக்கப்பலகைகளுக்குள் உட்கார்கிறோம். கட்டுமரத்தில் போனால் மறுபடியும் ‘ஆன்’. கட்டுமரத்துக்கு உள்ளே என்று ஒன்று கிடையாது, மரத்தின் மேல்தானே உட்காருகிறோம். குளச்சல், முட்டம் பக்கத்துப் பிள்ளைகளிடம் இந்த மூன்றையும் கேட்டால் அவர்களே காரணத்தைச் சொல்லிவிடுவார்கள்.

ஊரின் அளவைப் பற்றி நான் எழுதியதற்கு டீச்சர் சொன்ன இரணியல் எடுத்துக்காட்டு சரியானது. பழைய இலக்கண நூல்களில் அந்த விதி அப்படியே இருக்கிறது. தொடக்கநிலை மாணவருக்கு அது தேவையில்லை என்று நானும் விட்டுவிடுகிறேன்.


செவிலியர்_பயிற்சி எழுதியது:

இடது வலது பற்றிய பேச்சைப் பார்த்ததால் எழுதுகிறேன். வெளிநாட்டு மருத்துவமனைகளில் வேலைக்குச் செல்லும் செவிலியர்களுக்கான ஆங்கில வகுப்பில் கற்பிக்கிறேன். எங்கள் மாவட்டத்திலிருந்து இந்தப் பணிக்குச் செல்லும் பெண்கள் எவ்வளவு பேர் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அவர்களுடைய ஆங்கிலம் தொடக்கநிலைக்குச் சற்று மேலேதான் இருக்கும். ஆனால் இடத்தைச் சொல்வதில் பிழை நேர்ந்தால் விளைவு பெரிது.

விடுதிக்காரர் ‘யுவர் லெஃப்ட்’ என்று வைத்த வழக்கம் அங்கே சரி. எங்கள் துறையில் கேட்பவரின் இடதும் அன்று, பேசுபவரின் இடதும் அன்று, எப்போதும் நோயாளியின் இடதுதான். கட்டிலில் மல்லாந்து படுத்திருப்பவரை நோக்கிச் செவிலியர் கால்மாட்டில் நின்றால், செவிலியருடைய வலக்கைப் பக்கம் நோயாளியின் இடக்கை இருக்கும். ஆகவே ‘த பேஷண்ட்ஸ் லெஃப்ட் ஆர்ம்’ என்று உரியவரைச் சேர்த்தே சொல்லப் பழக்குகிறோம். வகுப்பில் ஒருத்தியைப் பெஞ்சில் படுக்கவைத்து, மற்றவள் சொல்லும் இடத்தில் மூன்றாமவள் பஞ்சை வைக்க வேண்டும்: ‘ஆன் த பேஷண்ட்ஸ் ரைட் ஷோல்டர், ஜஸ்ட் பிலோ த லெஃப்ட் நீ.’ கல்குளத்து டீச்சர் சொன்ன மறைப்புப் பயிற்சியின் வேறொரு வடிவம்தான் இது. இங்கே சொல்பவள் பெஞ்சுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள்.

‘இன், ஆன், அட்’ மூன்றுக்கும் நாங்கள் விதி சொல்வதில்லை. ‘இன் த டாப் டிராயர்’, ‘ஆன் த டிராலி’, ‘அட் த நர்சஸ் ஸ்டேஷன்’, ‘இன் பெட்’, ‘ஆன் த வார்டு’ என்று பொருளோடு ஒட்டிய தொடராகவே கொடுக்கிறோம். ‘இன் த வார்டு’ என்றும் கேட்கலாம், பிரிட்டனில் ‘ஆன் த வார்டு’ என்று மிகுதியாகச் சொல்வார்கள். இதற்கெல்லாம் பரப்பு, எல்லை என்று காரணம் தேடப் போனால் நேரம்தான் வீணாகும். அட்டையின் ஒரு பக்கத்தில் டிராயரின் படம், மறுபக்கத்தில் முழுத் தொடர், அவ்வளவுதான்.


கல்குளம்_ஆசிரியை எழுதியது:

இந்த இரண்டு பதிவுகளுக்கும் இடையில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சார் எடுத்துக்கொண்ட கட்டுமரமும் சாலைக்கு எதிர்ப்புறமும் கண்ணால் பார்த்து ஊகிக்கக்கூடியவை. அங்கே காரணம் சொன்னால் பிடித்துக்கொள்கிறார்கள். ‘அட் த பஸ் ஸ்டாண்ட்’, ‘அட் ஹோம்’, ‘ஆன் த வார்டு’ போன்றவற்றில் ஊகிக்க ஒன்றுமில்லை. அவற்றைத் தொடராகவே கொடுத்துவிட வேண்டும்.

மாலை வகுப்புக்கு இன்னொரு யோசனை. பொருளிலிருந்து ஊருக்குப் போகும்போது, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பத்மநாபபுரம் அரண்மனை இதற்கு நல்லது. ‘த பேலஸ் இஸ் இன்சைட் த ஃபோர்ட். த ஃபோர்ட் இஸ் இன் பத்மநாபபுரம். பத்மநாபபுரம் இஸ் நியர் தக்கலை. தக்கலை இஸ் பிட்வீன் நாகர்கோவில் அண்ட் மார்த்தாண்டம்.’ நான்கு எளிய வாக்கியங்களில் வெளியூர்க்காரர் ஒருவரைப் பேருந்தில் ஏற்றிவிடலாம். (அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், நிர்வகிப்பது கேரள அரசு என்பதையும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்று எங்கள் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அடம்பிடித்தான். அது வேறு பாடம் என்று சொல்லி உட்காரவைத்தேன்.) அதேபோல மாத்தூர் தொட்டிப்பாலம்: தண்ணீர் தொட்டிக்குள் ஓடுகிறது, நாம் பாலத்தின் மேல் நடக்கிறோம், 115 அடி கீழே பரளியாறு ஓடுகிறது. ‘இன், ஆன், பிலோ’ மூன்றும் ஒரே இடத்தில். போய்ப் பார்த்தவர்கள் வகுப்பில் கட்டாயம் இருப்பார்கள். பார்க்காதவர்களுக்கு அவர்கள் சொல்லட்டும், இவர்கள் வரையட்டும்.


மாலைவகுப்பு எழுதியது:

நன்றி, டீச்சர். கடைசியாக ஒன்று. வளைகுடாவுக்குப் போகிறவர்கள் கேட்கிறார்கள் என்பதால் இந்தப் பாடத்தின் முடிவில் சிறு தேர்வு ஒன்று வைக்க நினைக்கிறேன். எழுத்துத் தேர்வு வேண்டாம் என்று தோன்றுகிறது. வேறு எப்படி மதிப்பிடுவது, எந்தப் பிழைக்கு மதிப்பெண்ணைக் குறைப்பது?


கல்குளம்_ஆசிரியை எழுதியது:

மார்த்தாண்டம் பேருந்து நிலையத்திலிருந்து தம் வீட்டுக்கு வரும் வழியை ஒவ்வொருவரும் வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக ஒரு நிமிடத்துக்குள் ஆங்கிலத்தில் சொல்லட்டும். அந்த வீட்டைப் பார்த்திராத மற்றொருவர் அதைக் கேட்டு வரைபடம் வரையட்டும். வீடு சரியான இடத்தில் வந்துவிட்டால் சொன்னவருக்கும் மதிப்பெண், வரைந்தவருக்கும் மதிப்பெண். ‘த’ விடுபட்டாலும், ‘நியர் டு’ என்று சொன்னாலும், ‘ஐ ஆம் கோயிங் ஸ்ட்ரெய்ட்’ என்று சொன்னாலும் வரைபடம் கெடுவதில்லை. அவற்றுக்குக் குறைக்க வேண்டாம். ‘ஆப்போசிட்’ சொல்ல வேண்டிய இடத்தில் ‘பிஹைண்ட்’ என்றாலோ, இடது வலது மாறினாலோ, ‘பிலோ’வுக்கு ‘அண்டர்’ வந்தாலோ வீடு வேறு இடத்துக்குப் போய்விடும்; அதற்கு மட்டும் குறையுங்கள்.


கடற்கரை_விடுதி எழுதியது:

பேருந்து நிலையத்துக்கு வெளியே எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வைத்துவிடுங்கள். ‘கம் அவுட் ஆஃப் த பஸ் ஸ்டாண்ட், ஸ்டேண்ட் ஃபேசிங் த ஃப்ளைஓவர்’ என்பது போல. அது இல்லாவிட்டால் அடுத்து வரும் ‘டர்ன் லெஃப்ட்’ எதற்கும் பொருள் இருக்காது. எங்கள் பையன்கள் தவறாமல் விட்டுவிடும் வாக்கியம் அதுதான்.


நாஞ்சில்_ஓய்வு எழுதியது:

ஆர்டிகிளுக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம் என்று டீச்சர் சொல்வதை, தேர்வன்று மட்டும் என்ற நிபந்தனையோடு ஏற்கிறேன். ‘இஸ் தேர்’ என்று வாக்கியத்தை முடிப்பவர்களுக்கு மட்டும் குரல்பதிவை ஒருமுறை திரும்பக் கேட்கவைத்து, ‘தேர் இஸ்’ என்று தொடங்கி மறுபடி பதிவுசெய்து அனுப்பச் சொல்லுங்கள்.